அமேசன் காட்டின் நிலாப்பூ

தரம் 12 மாணவிகளுக்கு மகரந்தச்சேர்க்கைப் பாடத்தை ஆரம்பித்த அன்று, "இரவில் பூக்கும் செடி யாருடைய வீட்டில் இருக்கிறது?" என்று கேட்டேன். மல்லிகை, பவளமல்லிகை என்று பதில்கள் வந்தன. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "எங்கட மதில்ல டிராகன் பழக் கொடி இருக்கு டீச்சர். அது பூக்கிறத நான் ஒருநாளும் கண்டதில்ல. காலையில போய்ப் பார்த்தா வாடித்தான் இருக்கும்" என்றாள். வகுப்பில் பாதிப்பேர் சிரித்தார்கள். அவர்களுடைய வீட்டுக் கதையும் அதுதான்.

அவளுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் அந்தப் பாடவேளைக்குள் அடங்கவில்லை. மணி அடித்துவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். பெற்றோர்களும் இந்த மலரை வாசிப்பார்கள் என்பதால், பாடநூற் சொற்களை இயன்றவரை குறைத்துக்கொள்கிறேன்.

முதலில் நம் மதிலில் இருக்கும் கொடியைப் பார்ப்போம். டிராகன் பழம் ஒரு கள்ளி. நிலத்தில் நின்று வளரும் கள்ளி அல்ல, பற்றி ஏறும் கள்ளி. அதன் முப்பட்டைத் தண்டிலிருந்து கயிறு போன்ற வேர்கள் புறப்பட்டு மதிலையோ மரத்தையோ இறுகப் பிடித்துக்கொள்ளும். சொந்த ஊர் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். மொட்டு இருட்டத் தொடங்கும் நேரத்தில் அசையத் தொடங்கும். இஷாத் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் கையகலத்துக்கு மேல் விரிந்திருக்கும். நள்ளிரவில் முழுப் பூ. சுபஹுக்குப் பின் வெயில் ஏற ஏறத் தலை தொங்கிவிடும். ஆகவே காலையில் எழுந்து பார்ப்பவர்களுக்கு வாடிய பூதான் மிச்சம்.

எங்கள் வீட்டுக் கொடிக்கு மகரந்தச்சேர்க்கை செய்பவர் என் உம்மா. ஒரு கையில் டோர்ச், மறு கையில் பேரப்பிள்ளையின் வர்ணத் தூரிகை. ஒரு பூவின் தூளை எடுத்து மற்றப் பூவின் நடுவில் தடவுவார். "அதுட ஊருல இந்த வேலைய வௌவால் செய்யுமாம். இங்க நான்தான் வௌவால்" என்பார். உம்மா சொல்வது சரிதான். அந்தக் கொடியின் தாயகத்தில் வௌவால்களும் பெரிய அந்துப்பூச்சிகளும் இரவில் வந்து போகின்றன. நம் நாட்டில் விடியற்காலைத் தேனீக்கள் ஓரளவு உதவும். ஆனால் சில வகைக் கொடிகள் தம் தூளைத் தாமே ஏற்பதில்லை, வேறொரு கொடியின் தூள் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும். பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்று முறைப்படுபவர்கள் ஒருமுறை தூரிகையை எடுத்துப் பார்க்கலாம்.

ஒரு செடியை அதன் ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்தால் அதன் உறவுகள் அங்கேயே தங்கிவிடுகின்றன. உம்மாவின் தூரிகை அந்த இடைவெளியில்தான் வேலை செய்கிறது. இதை இன்னும் தெளிவாகக் காட்டக்கூடிய வேறொரு கள்ளி இருக்கிறது. அதுவும் ஏறும் கொடி, அதற்கும் பெரிய வெள்ளைப் பூ, அதுவும் ஓரிரவுதான். ஆனால் அது மதிலில் வளராது. அதைப் பார்க்க நாம் பிறேசிலுக்குப் போக வேண்டும்.

அமேசன் ஆற்றில் வந்து கலக்கும் பேராறுகளில் ஒன்று றியோ நீக்ரோ. "கறுப்பு ஆறு" என்று பொருள். காட்டில் உதிர்ந்த இலைகள் ஊறி, அதன் நீர் கடும் தேயிலைச் சாயம் போல இருக்கும். அமேசன் மழைக்காட்டின் நடுவே உள்ள மனவுஸ் நகரம் இந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இந்த ஆறு ஏறி இறங்குகிறது. ஏறுவது என்றால் நம் ஊர் வெள்ளம் போல முழங்காலளவு அல்ல. மனவுஸ் பக்கத்தில் ஏறத்தாழ பத்து மீற்றர். நமது கல்லூரியின் மூன்று மாடிக் கட்டடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அந்த உயரத்துக்கு நீர் வருகிறது. கரையோரக் காடு மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நிற்கிறது. மரங்களுக்கிடையே மீன்கள் நீந்துகின்றன. இந்தக் கருநீர் வெள்ளக் காட்டை அங்குள்ளோர் "இகப்போ" என்பர்.

நிலாப்பூக் கொடி வாழ்வது இந்த இகப்போவில், மரத்தின் உடலோடு ஒட்டிக்கொண்டு. மனவுஸில் வாழ்ந்த வித் என்பவரின் பெயரை வைத்து, ஜேர்மானியத் தாவரவியலாளர் கார்ல் ஷூமன் 1900 ஆம் ஆண்டில் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். பெயரின் பின்பாதி அன்றிலிருந்து "வித்தியை" என்றே இருக்கிறது. முன்பாதிதான் பலமுறை மாறியது. நெடுங்காலம் இது "செலெனிசீரியஸ்" என்ற சாதியில் இருந்தது. கிரேக்கரின் நிலாத் தெய்வத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. அண்மைய மரபணு ஆய்வுகளின்பின் இதை அங்கிருந்து எடுத்து, "ஸ்ட்ரோபோகாக்டஸ்" என்ற பழைய பெயருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆய்வுகளின்படி நம் டிராகன் பழம் செலெனிசீரியசுக்குள் போய்ச் சேர்ந்தது. நிலாப்பூவுக்கு நிலாவின் பெயர் இல்லை, மதிலில் கிடக்கும் டிராகன் பழத்துக்கு இருக்கிறது! பாகுபாட்டியல் பாடம் சலிப்பூட்டுகிறது என்று சொல்லும் மாணவிகளுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

இப்போது ஒரு கேள்வி. கள்ளி என்றால் பாலைவனம் என்றுதானே சிறுவயதிலிருந்து படித்திருக்கிறோம்? தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் காட்டில் கள்ளிக்கு என்ன வேலை?

விடை மரத்தில் இருக்கிறது. இந்தக் கொடியின் வேர் நிலத்துக்கு எட்டுவதில்லை. மரப்பட்டைதான் அதன் நிலம். மழை பெய்தால் நீர் பட்டையில் வழிந்து ஓடிவிடும், சிறிது நேரத்தில் காய்ந்துவிடும். கீழே ஆறு நிறையத் தண்ணீர் இருந்தும் மேலே இருப்பவளுக்குக் குடிக்க இல்லை. மரத்தின் மேல் வாழ்வது ஒருவகையில் பாலைவனத்தில் வாழ்வதுதான். ஆகவே பாலைவனக் கள்ளியின் சிக்கனம் இங்கும் தேவைப்படுகிறது. கள்ளிகள் பொதுவாக இலைவாய்களைப் பகலில் மூடி வைத்து, வெப்பம் தணிந்த இரவில் திறந்து காபனீரொட்சைட்டை எடுத்து, அமிலமாகச் சேமித்துக்கொள்ளும். மறுநாள் வெளிச்சத்தில் அதைக்கொண்டு ஒளித்தொகுப்பு நடக்கும். சீ.ஏ.எம். என்று பாடநூலில் மூன்று எழுத்துகளில் முடிந்துவிடும் விஷயம் இதுதான்.

இன்னொன்றையும் இங்கே திருத்திவிட வேண்டும். மரத்தில் ஒட்டி வளர்வதெல்லாம் ஒட்டுண்ணி அல்ல. குருவிச்சை மரத்தின் கலன்களுக்குள் வேரை நுழைத்து உறிஞ்சுகிறது. அது ஒட்டுண்ணி. நிலாப்பூக் கொடி மரத்திடம் கேட்பது நிற்க ஓர் இடம் மட்டுமே. அது மேலொட்டி. பரீட்சைத் தாள்களில் ஒவ்வொரு வருடமும் இந்த இரண்டையும் மாற்றி எழுதிப் புள்ளிகளைக் கொட்டிவிடுகிறார்கள்.

கொடியின் உருவம் விநோதமானது. முதற்பார்வையில் தட்டையான நீண்ட இலைகள் மரத்தில் ஒட்டி வைக்கப்பட்டிருப்பது போலத் தோன்றும். அவை இலைகளல்ல, தண்டுகள். நடுநரம்பிலிருந்து வேர்கள் வந்து பட்டையைப் பிடிக்கும், விளிம்பில் முட்கள் வரிசையாக இருக்கும். தண்டு மரத்தோடு அவ்வளவு தட்டையாகப் படிந்திருப்பதால், அதை நிமிர்த்தி எடுப்பதே கடினம். வெயில் கூடப் பட்டால் பச்சை மாறிச் செந்நிறமாகும். மரத்துக்கு மருதாணி இட்டது போல என்று ஒரு மாணவி சொன்னாள். அதைவிட நல்ல உவமை எனக்குத் தோன்றவில்லை.

பூவுக்கு வருவோம். பூவின் குழாய் மட்டுமே ஒரு சாண் நீளத்தைக் கடந்துவிடும். 25 சென்ரிமீற்றருக்கும் கூட. அந்தக் குழாயின் அடியில் தேன். மேலே ஒடுக்கமான வெள்ளை இதழ்கள் நட்சத்திரமாக விரியும். இரவில் வரும் பூச்சிக்குச் சிவப்பும் மஞ்சளும் பயன்படாது. வெண்மையும் வாசனையும்தான் வழிகாட்டும். ஆனால் இவ்வளவு ஆழத்தில் தேனை வைத்தால் யார் குடிப்பது? பருந்து அந்து எனப்படும் பெரிய அந்துப்பூச்சிகளில் அந்தக் குழாயின் அடியைத் தொடும் அளவுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள ஓரிரு இனங்கள் அமேசனில் உள்ளன. உடலைவிடப் பல மடங்கு நீளமான அந்தக் குழலைச் சுருட்டி வைத்துக்கொண்டு பறந்து, பூவின் முன்னே அந்தரத்தில் நின்று நீட்டிக் குடிக்கும். வேறு எந்தப் பூச்சிக்கும் அந்தத் தேன் எட்டாது. பூவுக்கும் வேறு எவராலும் பெரிய பயனில்லை.

இதைப் படிக்கும்போது டார்வினின் கதை சிலருக்கு நினைவு வரலாம். 1862 இல் மடகஸ்காரின் ஓர் ஓர்கிட் பூவின் நீண்ட தேன்குழாயைப் பார்த்து, இவ்வளவு நீள உறிஞ்சுகுழலுள்ள அந்து ஒன்று அங்கே இருந்தாக வேண்டும் என்று அவர் எழுதினார். அந்தப் பூச்சியை அன்று யாரும் கண்டிருக்கவில்லை. 1903 இல் அது விவரிக்கப்பட்டபோது டார்வின் இறந்து இருபது வருடங்கள் கடந்திருந்தன.

விதையிலும் ஆற்றின் முத்திரை இருக்கிறது. பெரும்பாலான கள்ளிகளின் விதை சிறியது. பறவையோ விலங்கோ பழத்தைத் தின்று பரப்பும். நிலாப்பூக் கொடியின் விதை அவற்றைவிடப் பெரியது, அதில் காற்று நிறைந்த பகுதி உண்டு. ஆகவே அது மிதக்கும். ஆறு ஏறும்போது விதை தண்ணீரில் பயணம் செய்து, இன்னொரு மரத்தின் பட்டையில் போய் ஒட்டிக்கொள்ளும். கள்ளிக் குடும்பத்தில் தண்ணீரைப் படகாகப் பிடித்தவை மிக அரிது.

தண்டு மரத்துக்காக, பூ அந்துக்காக, விதை ஆற்றுக்காக. இந்த மூன்றில் ஒன்றை நீக்கினாலும் கொடிக்கு வாழ்வில்லை. படைத்தவன் ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுத்திருக்கிறான் என்று நாம் சொல்கிறோம். இந்தப் பூவைப் படித்தபின் "அளந்து" என்ற சொல் எனக்குச் சென்ரிமீற்றர் கணக்கில் விளங்கியது.

இனி, இந்தப் பூவைத் தேடிப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் துணிந்ததே அவருக்காகத்தான்.

மார்கிரட் மீ 1909 மே மாதத்தில் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் வரைபட வேலை செய்தார். பின்னர் ஓவியம் பயின்றார். 1952 இல் பிறேசிலுக்குச் சென்று, சாவோ பாவுலோ நகரில் பிள்ளைகளுக்குச் சித்திரம் கற்பித்தார். அதாவது, நம்மைப் போல ஒரு டீச்சர். முதன்முதலாக அமேசன் பயணம் புறப்பட்டது 1956 இல், 47 ஆம் வயதில். அந்த வயதில் நம்மில் பலர் "இனி என்ன, பிள்ளைகளின் காலம்" என்று பேசத் தொடங்கியிருப்போம். அவர் மொத்தம் பதினைந்து பயணங்கள் போனார். சிறிய படகு, ஊஞ்சல் படுக்கை, வர்ணப் பெட்டி, கூடவே ஒரு கைத்துப்பாக்கி. மலேரியாக் காய்ச்சலும் வந்தது. பறித்த செடியை மேசையில் வைத்து வரைவதைவிட, அது வளரும் இடத்திலேயே உயிரோடு வரைவதையே விரும்பினார். அவர் கொண்டுவந்த செடிகளில் சில அறிவியலுக்குப் புதியவை. சிலவற்றுக்கு அவருடைய பெயரே சூட்டப்பட்டிருக்கிறது.

(பெற்றோர்களே, பெண்பிள்ளைகளைத் துப்பாக்கியுடன் காட்டுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவசரப்பட வேண்டாம்.)

நிலாப்பூக் கொடியை அவர் றியோ நீக்ரோவில் கண்டது 1960களில். கொடி கிடைத்தது, பூ கிடைக்கவில்லை. பிறகு போனபோதும் அப்படியே. ஓரிரவு மட்டும் விரியும் பூ, அதுவும் வெள்ளக் காட்டின் நடுவில் எந்த மரத்தில் எந்த இரவில் என்று யாருக்குத் தெரியும்? இருபது வருடங்களுக்கு மேல் அந்தப் பூ அவர் கைக்குத் தப்பிக்கொண்டே இருந்தது. இதற்கிடையில் காடும் மாறிக்கொண்டிருந்தது. முன்பு மரங்கள் நெருங்கி நின்ற கரைகளில் கரி சுடுவதற்காக மரம் வெட்டப்பட்டு வெளியாகியிருந்ததைக் கண்டார். அமேசனுக்கு நேரும் அழிவைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்களில் அவர் முந்தியவர். பூவைத் தேடிய தேடலில் ஓர் அவசரம் இருந்தது. பூ விரிவதற்குள் போக வேண்டும் என்ற அவசரம் மட்டுமல்ல, மரம் விழுவதற்குள் போக வேண்டும் என்ற அவசரமும்.

1988 மே மாதம், 79 வயது நிறையும் அதே மாதத்தில், அவர் கடைசியாகப் போனார். மனவுசுக்கு மேலே, அனவிலியானாஸ் என்ற தீவுக்கூட்டத்தின் பக்கம். ஆறு ஏறியிருந்த காலம். அதனால் படகு மரங்களுக்கிடையே செல்ல முடிந்தது. மொட்டுகளோடு ஒரு கொடியைக் கண்டார்கள். மாலையானதும் படகை அருகில் நிறுத்தி, அவர் படகின் கூரைமேல் ஏறி அமர்ந்துகொண்டார், மடியில் வரைதாள். இருட்டியது. முதல் இதழ் அசைந்தது, பிறகு மற்றொன்று. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பூ முழுவதும் விரிந்துவிட்டது. நிலவொளியிலும் கொஞ்சம் டோர்ச் வெளிச்சத்திலும் வரைந்துகொண்டே இருந்தார். விடியும்போது பூ மூடிக்கொண்டது.

அந்த இரவில் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அந்துப்பூச்சி வரவில்லை. தங்கள் படகும் வெளிச்சமும் இடையில் புகுந்து, பூவுக்கும் பூச்சிக்கும் இருந்த உறவைக் குழப்பிவிட்டனவோ என்று அவர் வருந்தினார். இருபது வருடங்கள் காத்திருந்த பூவைக் கண்ட மகிழ்ச்சியின் நடுவிலும் அந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. அதனால்தான் அவரை நான் ஓவியர் என்பதோடு நிறுத்தாமல் அவதானி என்றும் சொல்வேன். தான் பார்ப்பதே பார்க்கப்படும் பொருளை மாற்றிவிடலாம் என்பது நமது செய்முறைப் பாடங்களில் கடைசியாகத்தான் விளங்கும் விஷயம்.

அதே வருடம் நவம்பர் 30 ஆம் திகதி, இங்கிலாந்துக்கு வந்திருந்த சமயத்தில், வாகன விபத்தொன்றில் அவர் காலமானார். ஆறு மாதங்களுக்கு முன் வரைந்த நிலாப்பூ எஞ்சியது. அவருடைய ஓவியங்கள் பல இன்று இலண்டனில் உள்ள கியூ தாவரவியற் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன.

அந்த நிலாப்பூ ஓவியத்தின் அச்சுப்படத்தை நான் ஒரு நூலில் பார்த்தேன். தாவரவியற் சித்திரம் என்றால் வெள்ளைத் தாளில் செடி மட்டும் இருக்கும், அதுதான் மரபு. மார்கிரட் மீயும் அப்படிப் பல வரைந்திருக்கிறார். ஆனால் பிற்காலத்தில் செடிக்குப் பின்னே அதன் காட்டையும் வரைந்தார். நிலாப்பூவின் பின்னே இருண்ட வெள்ளக் காடு நிற்கிறது. பூ எங்கே இருக்கிறது என்பது பூ என்ன என்பதன் ஒரு பகுதி என்று அந்தப் படம் சொல்கிறது.

அதைப் பார்த்த மறுகணமே எனக்கு ஒரு செய்முறைப் புத்தகம் நினைவுக்கு வந்தது. நான் கற்பிக்கத் தொடங்கிய காலம். ஏதேனும் ஒரு பூவை வீட்டில் அவதானித்து வரைந்து வரும்படி சொல்லியிருந்தேன். ஒரு மாணவி டிராகன் பழப் பூவை வரைந்து வந்தாள். பூ மட்டுமல்ல. கொடி ஏறிய மதில், மதிலில் ஊரும் எறும்பு வரிசை, பூவின் மேல் விழுந்த டோர்ச் வெளிச்சத்தின் வட்டம், ஓரத்தில் மங்கலாக ஒரு பூச்சி, எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்திருந்தாள். நான் சிவப்புப் பேனையால், "தேவையற்றவை. பூவை மட்டும் வரைந்து பெயரிடுக" என்று எழுதி, பத்துக்கு ஆறு போட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் வெள்ளைத் தாளில் பூ மட்டும், அளவுகோல் வைத்துக் கோடிட்டுப் பெயரிட்டுக் கொண்டுவந்தாள். பத்துக்கு ஒன்பது. அதன்பிறகு அவள் மதிலை வரையவே இல்லை.

புள்ளித்திட்டம் அப்படித்தான் கேட்கிறது என்பது உண்மை. பரீட்சையில் மதிலும் எறும்பும் வரைந்தால் புள்ளி கிடைக்காது. அதை மாணவிக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியையின் கடமைதான். ஆனால் நான் "பரீட்சைக்குத் தேவையற்றவை" என்று எழுதவில்லை. "தேவையற்றவை" என்று எழுதினேன். எங்கே பூத்தது, எந்த வெளிச்சத்தில், யார் வந்தார் என்று அவள் பார்த்து எழுதியதுதான் மகரந்தச்சேர்க்கைப் பாடத்தின் பாதி. அதை நானே அழிக்கச் சொல்லியிருக்கிறேன்.

2021 பெப்ரவரி 20 ஆம் திகதி, கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியற் பூங்காவின் கண்ணாடி வீட்டில் ஒரு நிலாப்பூ விரிந்தது. பிரித்தானியாவில் அது பூத்தது அதுவே முதல் தடவை என்றார்கள். கொரோனாவினால் அங்கே எல்லாம் மூடப்பட்டிருந்த காலம். அதனால் பூங்காவினர் கமராவை வைத்து உலகத்துக்கே நேரலையில் காட்டினார்கள். நாங்களும் ஃபோனில் பார்த்தோம். எல்லோரும் எதிர்பார்த்ததைவிட முந்தி, அவர்களுடைய மாலை நேரத்திலேயே அது விரிந்துவிட்டது. இங்கே இரவு பத்து மணி கடந்திருந்தது. உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஃபோனை அருகில் பிடித்துப் பார்த்தார். அழகுதான். ஆனால் ஃபோனில் வாசனை இல்லை. அந்தக் கண்ணாடி வீட்டில் ஆறும் இல்லை, 25 சென்ரிமீற்றர் குழலை நீட்டும் அந்தும் இல்லை. "இதுக்கும் ஒருத்தர் தூரிகை எடுக்கத்தான் வேணும்" என்றார் உம்மா.

பாதுகாப்பு என்று பேசும்போது இது முக்கியம். ஒரு கொடியை வெட்டிக் கொண்டுபோய்க் கண்ணாடி வீட்டில் வளர்க்கலாம், பூக்கவும் வைக்கலாம். காட்டைக் கொண்டுபோக முடியாது.

மாணவிகள் கேட்பார்கள்: இதெல்லாம் பிறேசிலில், நமக்கு என்ன? நமக்கு ஒன்று இருக்கிறது. கள்ளிக் குடும்பம் முழுவதும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியது. நம் ஊர் நாகதாளியும் டிராகன் பழமும், இரவில் மலர்வதால் இந்நாட்டில் எல்லோரும் போற்றும் கடுபுல் பூவும் கூட மனிதரால் அங்கிருந்து கொண்டுவரப்பட்டவையே. ஒரே ஓர் இனம் மட்டும் விதிவிலக்கு. ரிப்சாலிஸ் என்ற மெல்லிய கயிறு போன்ற கள்ளி ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் நம் இலங்கையிலும் இயற்கையாகவே வளர்கிறது. அதுவும் மேலொட்டிதான். மரங்களிலும் பாறைகளிலும் பச்சை நூல்களாகத் தொங்கும். சிறிய வெண்பூ, முத்துப் போல வெண்ணிறப் பழம். பழத்தின் பசையுள்ள விதையைப் பறவைகள் கடல் கடந்து கொண்டுவந்திருக்கலாம் என்பது பலர் கூறும் விளக்கம். பார்ப்பவர்கள் அதைக் கள்ளி என்று நம்பமாட்டார்கள். முள்ளைத் தேடுவார்கள், இருக்காது. மலைநாட்டுப் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போகும்போது பெரிய மரங்களை அண்ணாந்து பாருங்கள். கண்டால் பறிக்க வேண்டாம், வரையுங்கள். ஃபோனில் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் ஃபோன் ஒரு விநாடியில் பார்த்து முடித்துவிடும். பென்சில் முடிப்பதற்கு அரை மணி நேரமாவது எடுக்கும். அந்த அரை மணி நேரத்தில் எறும்பு வரும்.

இப்போது என் வகுப்பில் செய்முறைப் புத்தகத்தில் இரண்டு பக்கங்கள் கேட்கிறேன். வலப்பக்கம் வெள்ளைத் தாளில் பூ, அளவோடும் பெயரோடும். அது பரீட்சைக்கு. இடப்பக்கம் அதே பூ அதன் இடத்தில்: எந்த மரம், எந்த மதில், என்ன நேரம், யார் வந்தார்கள். இடப்பக்கத்துக்குப் புள்ளியில்லை. புள்ளியில்லாத பக்கத்தை யார் வரைவார்கள் என்று ஒரு சக ஆசிரியை கேட்டார். எல்லோரும் வரைவதில்லை என்பது சரிதான்.

அந்தப் பழைய மாணவி இப்போது வேறோர் ஊரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளின் தாய். இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது அவளுடைய இலக்கத்தைத் தேடிப் பிடித்துப் பேசினேன். நான் எழுதிய சிவப்பு வரியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் முதலில் சிரித்தாள். அந்தப் புத்தகம் இப்போது இல்லையாம், வீடு மாறும்போது போய்விட்டதாம். பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னாள்: "அந்தப் பூச்சிய நான் சரியா வரையல்ல டீச்சர். அது ஒரு இடத்துல நிக்கவே இல்ல. பூவுக்கு முன்னால அப்படியே காத்துல நின்டுட்டுப் போயிட்டு."

எங்கள் மதிலில் இந்த வாரம் மூன்று மொட்டுகள் இருக்கின்றன. உம்மா தூரிகையைக் கழுவி ஜன்னலில் காய வைத்திருக்கிறார்.